ஏற்காடு: ஏற்றமும் இறக்கமும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் இல்லங்களில் எழும் முதல் கேள்வி, "இவ்வாண்டு எங்கே போகலாம்?" என்பதுதான். உதகையும் கொடைக்கானலும் பலருக்குத் தொலைவு; செலவும் அதிகம். சேலம், நாமக்கல், தருமபுரி, ஆத்தூர் வட்டாரங்களில் வாழ்வோர், காலையில் புறப்பட்டு இரவில் வீடு திரும்பும் வகையில் சென்று வரத்தக்க மலை ஏற்காடு. ஒரு வேனை அமர்த்திக்கொண்டு, சோற்றுச் சட்டியையும் பாயையும் ஏற்றிக்கொண்டு, பாட்டி முதல் பேரக் குழந்தை வரை இருபது பேர் கிளம்பிவிடுவது நம்மிடையே வழக்கம்.

ஏற்காட்டில் பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அந்த மலையில் ஏறுவதையும் இறங்குவதையும் பற்றி எழுதியோர் குறைவு. பயணிகளின் உயிர் அவ்விரண்டையும் நம்பியே இருக்கிறது. ஆகையால் அன்பு வாசகர்களே, இம்முறை வழியையே பார்த்துக்கொண்டு மலையேறி, வழியையே பார்த்துக்கொண்டு இறங்கி வருவோம்.

மலையும் பாதையும்

சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. அதன் மேல் ஏரியும் காடும் சூழ அமைந்த ஊர் ஆதலால் ஏற்காடு எனப் பெயர் பெற்றது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்து பயிரிட்டார். இன்றும் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பியும், அம்மரங்களைப் பற்றிப் படர்ந்த மிளகும் மலைச்சரிவெங்கும் காணப்படுகின்றன.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 278 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு 1,515 மீட்டர். ஆக, நாம் ஏறவேண்டிய உயரம் சுமார் 1,200 மீட்டர். இந்த உயரத்தை நேராக ஏற எந்த வண்டியாலும் இயலாது. அதனால்தான் அடிவாரத்திலிருந்து மேலே செல்லும் சாலையை இருபது கொண்டை ஊசி வளைவுகளாக மடித்து அமைத்திருக்கிறார்கள். நூறு அடி முன்னே சென்றால் ஐந்தாறு அடி உயர்வோம், அவ்வளவுதான். வழி நீளுகிறது, ஏற்றத்தின் கடுமை குறைகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வளைவுகள் கடுமையைக் குறைக்கின்றனவே தவிர, ஏறவேண்டிய உயரத்தை ஓர் அங்குலமும் குறைப்பதில்லை. செங்குத்தாக ஏறினாலும் சுற்றி ஏறினாலும், 1,200 மீட்டர் உயர்வதற்கான உழைப்பை எவரேனும் செய்தே தீரவேண்டும். நடந்து சென்றால் நம் கால்கள் செய்யும். வேனில் சென்றால் டீசல் செய்யும்.

ஏறும்போது சேர்வது என்ன?

அந்த உழைப்பு எங்கே போகிறது? மேலே சென்று வண்டியை நிறுத்திவிட்டால் அது தீர்ந்துபோனதாகத் தோன்றும். உண்மையில் அதில் ஒரு பங்கு வண்டியினுள்ளேயே, அதன் உயரத்தில், சேமிப்பாக உட்கார்ந்திருக்கிறது. இதைத்தான் நம் பிள்ளைகளின் பாடநூல்கள் 'நிலை ஆற்றல்' என்கின்றன. ஒரு பொருள் நிற்கும் நிலையினால் பெற்றுள்ள ஆற்றல் அது. அதே பொருள் ஓடும்போது பெற்றுள்ளது 'இயக்க ஆற்றல்'. நிலை ஆற்றல் என்ற கருத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவர் ஸ்காட்லாந்து பொறியாளர் ராங்கின், ஆண்டு 1853.

நான் கலைப்பிரிவில் பட்டம் பெற்றவன். ஆயினும் இதைப் புரிந்துகொள்ள இயற்பியல் பட்டம் தேவையில்லை. சேலம் மாவட்டத்துக் கிணற்று மேடு போதும். மின்சாரம் வருமுன் நம் விவசாயிகள் கமலை கட்டித் தண்ணீர் இறைத்ததை மூத்தவர்கள் அறிவார்கள். கிணற்று மேட்டிலிருந்து சரிவாக ஒரு தடம் வெட்டியிருக்கும். மாடுகள் அந்தச் சரிவில் இறங்கி நடக்கும். அவை இறங்க இறங்க, வடத்தில் கட்டிய சால் நீரோடு கிணற்றிலிருந்து ஏறிவரும். மாட்டின் இழுவையோடு அதன் உடல் எடையும் சேர்ந்து உதவட்டும் என்றுதான் தடத்தைச் சரிவாக வெட்டினார்கள். ஒன்று இறங்குகிறது, மற்றொன்று ஏறுகிறது. இறங்கியது இழந்த உயரம், ஏறியது பெற்ற உயரமாக மாறுகிறது. ஏட்டறிவு இல்லாத நம் முன்னோர் ஆற்றல் மாற்றத்தை இவ்வளவு நேர்த்தியாகக் கையாண்டனர்.

கணக்கும் எளியதே. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் 1,200 மீட்டர் உயர்ந்தால் அவர் பெறும் நிலை ஆற்றல், நம் வீட்டு மின் கணக்கில் சொன்னால், ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதைக் கொண்டு 20 வாட் குழல் விளக்கைப் பத்து மணி நேரம் எரிக்கலாம். ஆட்களோடு சேர்த்துப் பத்து டன் எடையுள்ள ஒரு பேருந்து ஏறினால், சேரும் ஆற்றல் சுமார் 33 யூனிட். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட் வெப்ப ஆற்றல் உண்டு. எனினும் என்ஜின் அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கையே பயன்படு வேலையாக்கும். மீதி சூடாகவும் புகையாகவும் வெளியேறும். எனவே உயரம் ஏறுவதற்கு மட்டும் அந்தப் பேருந்து பத்து லிட்டர் அளவுக்குச் செலவிடுகிறது.

இந்த 33 யூனிட்டும் மலை நம்மிடம் ஒப்படைத்த அமானத்தைப் போன்றது. திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும். கீழே இறங்கி முடிக்கையில் ஒரு துளியும் மிச்சமில்லாமல் அது வெளியே வந்திருக்கும். எந்த வடிவில் வரும் என்பதுதான் கேள்வி.

கிளியூரில் ஒரு வெப்பமானி

அதற்கு முதல் விடையை ஏற்காட்டு நீரே தருகிறது. ஏரி நிறைந்து வழிந்தால், உபரி நீர் கிளியூர் அருவியாகச் சுமார் 300 அடி விழுகிறது. கோடையில் போனால் பெரும்பாலும் பாறையைத்தான் பார்க்கலாம். மழைக்காலத்திலோ அதன் முழக்கம் தொலைவிலேயே கேட்கும். உச்சியில் ஏறக்குறைய அசையாது நின்ற நீர், விழ விழ வேகம் கூடி, அடிப்பாறையில் மோதி நுரைத்து, மீண்டும் அமைதியாக ஓடத் தொடங்குகிறது. உயரமும் போயிற்று; வேகமும் போயிற்று. அப்படியானால் அந்த ஆற்றல் எங்கே?

இந்தக் கேள்வியை உயிராகப் பற்றிக்கொண்டவர் ஜேம்ஸ் ஜூல் என்ற ஆங்கிலேயர். மான்செஸ்டர் அருகே மது வடிக்கும் ஆலை நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். எடைக்கல் ஒன்றை மெல்ல இறங்கவிட்டு, அது ஒரு துடுப்பைச் சுழற்றி நீரைக் கலக்கும்படி செய்து, நீர் எவ்வளவு சூடாகிறது என்று 1845-ல் அளந்தார். 160 அடி விழும் நயாகரா நீர் பாரன்ஹீட் கணக்கில் ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு சூடேற வேண்டும் என்றும் கணக்கிட்டார். 1847-ல் ஆல்ப்ஸ் மலைப் பகுதிக்குத் தேனிலவு சென்றபோதும் அவர் கையில் வெப்பமானி இருந்தது என்று அறிஞர் வில்லியம் தாம்சன் பின்னாளில் எழுதினார். அங்குள்ள அருவி ஒன்றில் அளக்க முயன்றபோது, நீர் திவலையாகச் சிதறியதால் முயற்சி பலிக்கவில்லை. இருப்பினும் அவர் கொண்ட கருத்து நிலைத்தது. ஆற்றலை அளக்கும் அலகு இன்று அவர் பெயரால் 'ஜூல்' என்றே வழங்குகிறது.

அதே கணக்கைக் கிளியூருக்குப் போட்டால், 300 அடி விழும் நீர் ஒரு டிகிரி செல்சியஸில் ஐந்தில் ஒரு பங்கு சூடாகலாம். கையை நனைத்துப் பார்த்தால் தெரியாது. அருவிக் காற்றின் குளிர்ச்சி அதை மறைத்தும்விடும். ஆனால் பாடம் பெரிது: உயரம் வேகமாகிறது, வேகம் தடுக்கப்பட்டால் வெப்பமாகிறது. எதுவும் காணாமற்போவதில்லை. இந்தப் பாடத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், இறங்கும்போது தேவைப்படும்.

லேடீஸ் சீட்டிலிருந்து மேட்டூர்

ஊரின் தென்மேற்கு விளிம்பில் லேடீஸ் சீட் என்ற பாறை முனை இருக்கிறது. நாம் ஏறிவந்த சாலை பாம்பாக நெளிந்து கிடப்பதை அங்கிருந்து காணலாம். இரவில் சேலத்து விளக்குகள் கம்பளம் விரித்தாற்போல் மின்னும். வானம் தெளிந்திருந்தால் தொலைநோக்கி வழியே மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பும் தெரியும்.

மேட்டூரைப் பார்க்கும்போது, உயரத்தைப் பயனுள்ள வடிவில் திரும்பப் பெறும் வழியைப் பார்க்கிறோம். 1925-ல் தொடங்கி 1934-ல் முடிக்கப்பட்ட அந்த அணையில் 120 அடி வரை நீர் தேக்கலாம். அணை பாசனத்திற்காகக் கட்டப்பட்டது. எனினும் திறந்துவிடும் நீர் சும்மா விழவேண்டாம் என்று 1937-ல் அங்கே மின்னாக்கமும் தொடங்கியது. நீர் விழும் வேகத்தைச் சுழலி வாங்கிக்கொண்டு மின்சாரமாக்குகிறது. பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் டேங்கர் லாரி ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அந்த நீர் முழுவதும் 120 அடி இறங்கி, எந்த இழப்பும் இல்லாமல் மின்சாரமானால் கிடைப்பது ஒரே ஒரு யூனிட். நாம் கணக்கிறுத்த பேருந்தின் உயரத்தில் இருப்பது அப்படி 33 லாரி நீரின் ஆற்றல்! மலைமேல் நிற்கும் ஒரு பேருந்து எத்தகைய ஆற்றலைச் சுமந்து நிற்கிறது என்பதை இதனால் உணரலாம்.

ஓடும் நீரைக் கொண்டே நீரை மேலேற்றும் வித்தையும் பழையது. சிரியா நாட்டின் ஹமா நகரில் ஒரோண்டஸ் ஆற்றங்கரையில் 'நாவூரா' எனப்படும் மாபெரும் மரச்சக்கரங்கள் உள்ளன. ஆற்றின் ஓட்டமே சக்கரத்தைச் சுழற்றும்; சக்கரத்தின் விளிம்பிலுள்ள பெட்டிகள் நீரை மொண்டு மேலே உள்ள கால்வாயில் ஊற்றும். 1206-ல் தம் பொறியியல் நூலை நிறைவு செய்த அல் ஜஸரியும், ஆற்று நீர்ச் சக்கரத்தால் இயங்கி நீரை மேலேற்றும் பம்பு ஒன்றை அதில் விளக்கியுள்ளார். இங்கே இயக்க ஆற்றல் நிலை ஆற்றலாக மாறுகிறது.

இதன் பேருருவை நம் மாநிலத்திலேயே காணலாம். கோவை மாவட்டத்து ஆனைமலைப் பகுதியில் உள்ள காடம்பாறை மின் நிலையம் 1980களின் இறுதியில் இயங்கத் தொடங்கியது. நூறு மெகாவாட் திறனுள்ள நான்கு இயந்திரங்கள் கொண்டது. மின்சாரம் மிகுந்திருக்கும் நேரத்தில் மேல் ஆழியாறு அணையின் நீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றி வைக்கிறார்கள்; தேவை மிகுந்த நேரத்தில் அதை இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். மலையையே மின்கலமாகப் பயன்படுத்தும் ஏற்பாடு இது. காற்றாலையும் சூரிய ஒளியும் பெருகிவரும் இக்காலத்தில் இதன் மதிப்பு மேலும் உயர்ந்துள்ளது.

இறக்கம்

இனி இறங்குவோம். மேட்டூரில் நீரின் உயரத்தை வாங்கிக்கொள்ளச் சுழலி உண்டு. நம் வேனின் உயரத்தை வாங்கிக்கொள்ள யார் உண்டு? மின்சார வண்டிகளில் இதற்கு வழி இருக்கிறது. இறக்கத்தில் அவற்றின் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, ஒரு பகுதி ஆற்றலை மின்கலத்துக்கே திருப்பி அனுப்பும். டீசல் வண்டியில் அவ்வசதி இல்லை. அங்கே மூன்றே வழிகள்தான்: என்ஜின் வாங்கவேண்டும், அல்லது பிரேக் வாங்கவேண்டும், இரண்டும் வாங்காவிட்டால் அனைத்தும் வேகமாகிவிடும்.

வேகமானால் என்ன ஆகும்? தடையே இல்லாமல் 1,200 மீட்டர் உயரமும் வேகமாக மாறினால், அது மணிக்கு 550 கிலோமீட்டர், விமானத்தின் வேகம். அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, இரண்டாம் மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். வேகம் இரட்டித்து 80 ஆனால், விழும் உயரம் இரட்டிப்பதில்லை. நான்கு மடங்காகி எட்டு மாடியாகிவிடுகிறது. பிடி விட்ட வண்டி இந்த எட்டு மாடி உயரத்தை ஏற்காட்டுச் சாலையில் ஏறத்தாழ அரை கிலோமீட்டருக்குள் இறங்கிவிடும்.

பிரேக் வாங்கினால் என்ன ஆகும்? கிளியூரில் பார்த்ததுதான்: தடுக்கப்பட்ட வேகம் வெப்பமாகும். நம் பத்து டன் பேருந்தின் 33 யூனிட் வெப்பத்தைக் கொண்டு, நாற்பது லிட்டர் கொள்ளும் அண்டாக்கள் பத்தில் நீரைக் கொதிக்க வைக்கலாம். ஒரு வலீமா விருந்துக்கான அடுப்பெரிப்பு அது! அத்தனை சூட்டையும் சக்கரங்களுக்குள் இருக்கும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டுமென்றால் அது எப்படித் தாங்கும்? இடைவிடாமல் மிதித்தால் பிரேக் லைனிங் பழுக்கக் காய்ந்து பிடிமானம் தளரும். எண்ணெயால் இயங்கும் பிரேக்கில், அந்த எண்ணெயே கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாகிவிட்டால், மிதிகட்டை பஞ்சுபோல் அமுங்கும், வண்டி நிற்காது. கருகிய வாடை அதற்கு முன்னறிவிப்பு.

எஞ்சிய வழி என்ஜின். எங்கள் மதரஸா மாணவர்களை ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்றிருந்தபோது, இறங்கும் வழியில் ஒரு சிறுவன், "ஹஜ்ரத், வண்டி தானாகத்தானே இறங்குகிறது, பிறகு ஏன் இப்படி இரைகிறது?" என்று கேட்டான். நான் வாய் திறக்குமுன் ஓட்டுநர் சொன்னார்: "தம்பி, எந்த கியர்ல ஏறுனமோ அதே கியர்லதான் இறங்கணும். இப்ப என்ஜின் வண்டியை இழுக்கல, பிடிச்சு நிறுத்துது." முப்பது ஆண்டு மலைச்சாலை அனுபவம் ஒரே வாக்கியத்தில் வந்து விழுந்தது. தாழ்ந்த கியரில் இருக்கும்போது சக்கரங்கள் என்ஜினைச் சுழற்ற வேண்டியிருக்கிறது. அதன் உராய்வும் காற்றை அழுத்தும் வேலையும் வண்டியின் ஆற்றலை வாங்கி, ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியே விடுகின்றன. பிரேக்கின் சுமை பெரிதும் குறைகிறது.

இதை அறியாமல் எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி, வண்டியை நியூட்ரலில் விட்டு உருட்டுவோர் உண்டு. என்ஜினையே அணைத்துவிடுவோரும் உண்டு. முதலாவது, என்ஜின் என்ற காவலாளியை அனுப்பிவிட்டு அத்தனை சுமையையும் பிரேக்கின் தலையில் ஏற்றுவது. இரண்டாவது அதைவிடக் கொடியது. என்ஜின் நின்றால் பிரேக்குக்குத் துணைசெய்யும் விசையும் காற்றழுத்தமும் புதிதாகக் கிடைக்காது. பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். இதில் மிச்சம்தான் என்ன? இன்றைய வண்டிகளில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் என்ஜினுக்கு எரிபொருள் செல்வதே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நியூட்ரலில் விட்டால்தான் என்ஜின் அணையாமலிருக்க எரிபொருள் செலவாகும். ஆக, அந்தச் சிக்கனம் சிக்கனமும் அன்று.

2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலம் நோக்கி இறங்கிய தனியார் பேருந்து ஒன்று கொண்டை ஊசி வளைவில் தடுப்பைத் தகர்த்துக்கொண்டு கீழே விழுந்தது. உயிர்கள் பறிபோயின, பலர் காயமுற்றனர். அதன் காரணம் இன்னதென்று தீர்ப்புரைப்பது இக்கட்டுரையின் வேலையன்று. விடுமுறையைக் கழித்துவிட்டு மகிழ்ச்சியோடு திரும்புவோரும் அந்தச் சாலையில்தான் இறங்குகிறார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

புறப்படும் முன்

குடும்பத்தோடு செல்வோர் சிலவற்றைக் கருத்தில் கொள்வது நலம். வேன் அமர்த்தும்போது வாடகையை மட்டும் பேசாதீர்கள். ஓட்டுநருக்கு மலைச்சாலைப் பழக்கம் உண்டா, பிரேக் அண்மையில் சோதிக்கப்பட்டதா என்றும் கேளுங்கள். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றாதீர்கள். எடை கூடக்கூட, ஒவ்வொரு மீட்டர் உயரத்திலும் சேரும் ஆற்றலும் கூடுகிறது. ஆனால் பிரேக் அதே பிரேக்தான்.

மேலிருந்து கிளம்பும்போதே தாழ்ந்த கியரில் கிளம்பச் சொல்லுங்கள். வேகம் பிடித்தபின் கியரை இறக்குவது கடினம். வழியில் கருகிய வாடை வந்தால் கூச்சப்படாமல் பாதுகாப்பான அகன்ற இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, சக்கரம் ஆறும் வரை காத்திருங்கள். சூடேறிய பிரேக்கின் மீது தண்ணீர் ஊற்ற வேண்டாம். உலோகம் விரிசல் விடக்கூடும். எதிரே ஏறிவரும் வண்டிக்கு வழிவிடச் சொல்லுங்கள். மலைச்சாலையில் ஏறுபவருக்கே முன்னுரிமை என்பது நம் நாட்டுச் சாலை விதி. ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் கிளப்புவது எவ்வளவு பெரிய பாடு என்பதை மேலே சொன்ன கணக்கே உணர்த்தும். இருட்டியபின் அவசரமாக இறங்குவதைவிட, மாலை வெளிச்சத்திலேயே அடிவாரம் சேர்ந்துவிடுவது நல்லது. இரவு விளக்குகளைப் பார்க்க ஆசையென்றால் மேலேயே தங்கிக் காலையில் இறங்குங்கள்.

மேட்டில் ஏறும்போது தக்பீரும், பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்லிக்கொள்வது நபித்தோழர்களின் பயண வழக்கமாக இருந்தது. ஏற்றத்திற்கு ஒன்று, இறக்கத்திற்கு ஒன்று என இரண்டையும் கவனத்தோடு கடந்தவர்கள் அவர்கள். நம்மில் பலர் ஏறும்போது என்ஜின் திணறுகிறதே என்று அஞ்சுகிறோம். இறங்கும்போது சாய்ந்து உறங்கிவிடுகிறோம். ஏற்றத்தில் திணறும் வண்டி நின்றுபோகும், அவ்வளவே. விழித்திருக்க வேண்டியது இறக்கத்தில்தான். அடுத்த முறை ஏற்காட்டிலிருந்து திரும்பும்போது ஓட்டுநரின் பக்கத்து இருக்கையில் வீட்டுப் பெரியவர் ஒருவர் அமர்ந்துகொள்ளட்டும். இருபதாவது வளைவிலிருந்து முதல் வளைவு வரை அந்த என்ஜின் இரைந்துகொண்டே வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்கட்டும்.